வெயிலூரில் ஒரு பவளத் தொட்டி

கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர் எந்தப் பவளம் வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மே மாதம் பிற்பகல் மூன்று மணிக்கு அந்த அறையில் எத்தனை டிகிரி? சென்னையிலோ மதுரையிலோ மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் அது 34, 35-ஐத் தொடும். தொட்டிக்குள் ஓடும் மோட்டாரும் மேலே எரியும் விளக்கும் தங்கள் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சூடு சேர்க்கும். மென்பவளங்களுக்கு வேண்டியது 25-லிருந்து 27 வரை. கடல் தொட்டி பற்றிய கையேடுகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஹீட்டரைத் தேர்ந்தெடுப்பதற்கு அவற்றில் ஓர் அத்தியாயமே இருக்கும். தண்ணீரைக் குளிர்விப்பது பற்றி எங்கோ கடைசியில் நான்கு வரி. நாம் அந்தப் புத்தகங்களைப் பின்பக்கத்திலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது.

நன்னீர் மீன் வளர்த்துப் பழகிய ஒருவர், தமிழ்நாட்டுச் சூழலில், முதல் கடல் தொட்டியிலேயே மென்பவளங்களை வளர்க்க முடியுமா? முடியும் என்பதுதான் என் முடிவு. ஆனால் பணமும் கவனமும் போக வேண்டிய இடம் வேறு, கடையில் நம் கண்ணை இழுக்கும் இடம் வேறு. கடையில் விளக்கும் பவளமும் மினுங்குகின்றன. தொட்டியின் ஆயுளைத் தீர்மானிப்பதோ மேசைக்கு அடியில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும், சமையலறை மூலையில் இருக்கும் ஆர்.ஓ. வடிகட்டியும், மின்தடை நேரத்தில் ஓடுகிற ஒரு சின்னக் காற்று மோட்டாரும்.

பவளத்தில் இரண்டு பெரும் குலங்கள் உண்டு. ஒவ்வொரு பவளமும் பாலிப் எனப்படும் சிற்றுயிர்களின் கூட்டம். பாலிப்பின் வாயைச் சுற்றியுள்ள உணர்கைகள் ஆறு அல்லது ஆறின் மடங்காக அமைந்தவை ஒரு குலம். கடலில் சுண்ணாம்புப் பாறையைக் கட்டி எழுப்பும் வன்பவளங்கள் இதைச் சேர்ந்தவை. எட்டு உணர்கைகள், ஒவ்வொன்றிலும் இறகு போன்ற கிளைகள் என்றிருப்பவை இன்னொரு குலம்; மென்பவளங்கள் இதில் வருகின்றன. இவற்றுக்குப் பாறை போன்ற கூடு கிடையாது. தசைக்குள் நுண்ணிய சுண்ணாம்பு முட்கள் சிதறிக் கிடக்கும், அவ்வளவுதான். மோதிரத்தில் பதிக்கும் செம்பவளம்கூட இந்த எட்டுக் கைக்காரக் குடும்பத்தைச் சேர்ந்ததே என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். கடைகளில் மென்பவளம் என்ற தலைப்பில் விற்கும் மஷ்ரூம், ஸோவா ஆகிய இரண்டும் உண்மையில் முதல் குலத்துப் பிறவிகள். பராமரிப்பு ஏறக்குறைய ஒன்றே என்பதால் இவர்களை ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டது வியாபாரம். இந்தக் கட்டுரையும் அப்படியே செய்யும்.

கூடு கட்டாத உயிருக்குக் கால்சியமும் காரத்தன்மையும் கொஞ்சம்தான் தேவை. வன்பவளம் நிறைந்த தொட்டியில் இவை தினந்தோறும் குறைந்துகொண்டே போகும். அளந்து அளந்து ஊற்ற வேண்டும். மென்பவளத் தொட்டியில் வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால், புது உப்பிலிருந்தே அந்தத் தேவை நிறைவேறிவிடும். கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராம், காரத்தன்மை 8 டி.கே.எச். பக்கம் இருந்தால் போதும். மென்பவளம் தொடக்கக்காரருக்கு ஏற்றது என்று எல்லோரும் சொல்வதன் அடிப்படை இதுதான். அது தரும் சலுகை இந்த ஒரு கணக்கில் மட்டும். வெப்பமும் உப்பும் ஏறி இறங்கினால் மென்பவளமும் மன்னிக்காது.

பவளத்தை வீட்டுக்குள் வாழ வைக்கும் முயற்சிக்கு நூற்றெழுபது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1846-ல் ஆனா தைன் என்ற பெண்மணி இங்கிலாந்தின் டார்க்கீ கடற்கரையிலிருந்து சில பவள உயிர்களை ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். அப்போது மோட்டார் ஏது? பணிப்பெண் ஒருவர் திறந்த ஜன்னலோரம் நின்று, கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றேற்றினார். பிறகு கடற்பாசிகளையும் சேர்த்தார்கள். அந்த உயிர்கள் ஆண்டுக்கணக்கில் பிழைத்தன. 1961-ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், பவளப்பாறையிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைத் துண்டுகள், நல்ல வெளிச்சம், குமிழி விடும் ஒரு காற்றுக்குழாய் ஆகியவற்றை மட்டும் வைத்துப் பவளம் வளர்க்கும் முறையை அமெரிக்க இதழ் ஒன்றில் எழுதினார். வடிகட்டிப் பெட்டிகளை நம்பியிருந்த மேலை நாட்டவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெர்லின் நகரத்துப் பொழுதுபோக்காளர்கள் 1970, 80-களில் உயிர்ப்பாறையையும் கடும் வெளிச்சத்தையும், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரையும் இணைத்துக் கையாண்ட பிறகுதான் அது முறையாக நிலைபெற்றது. 1986-ல் ஜார்ஜ் ஸ்மிட் எழுதிய தொடர் கட்டுரைகள் அமெரிக்க வீடுகளுக்குள் 'மினி ரீஃப்' என்ற ஆசையைக் கொண்டுசேர்த்தன. இந்த வரலாற்றில் ஜகார்த்தாக்காரரின் இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெப்பமண்டலத்தில், கடலுக்குப் பக்கத்தில், குறைந்த கருவிகளுடன் செய்தவர் அவர்.

ஆனால் அவருடைய முறையை இங்கே அப்படியே பின்பற்றச் சட்டம் இடம் தராது. 2001-ல் 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வன்பவளங்கள் எல்லாமும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், குழல் பவளம், கடல் விசிறி ஆகியவையும் சேர்க்கப்பட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. உயிர்ப்பாறை என்பது பெரும்பாலும் செத்த வன்பவளத்தின் எலும்புக்கூடு. ஆக, கடலிலிருந்து அதை எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவில் ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளைச் சுற்றிய கடல், 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. தீவுகளில் இரண்டு இன்று நீருக்குள் கிடப்பதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம். அதன்மேல் 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. இந்த நிலையில் ஒரு வீட்டுத் தொட்டிக்காக அங்கிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்க நியாயம் இல்லை.

2001 பட்டியலில் கடல் விசிறிகளும் குழல் பவளமும் தவிர மற்ற மென்பவளங்கள் சேர்க்கப்படவில்லை. மென்பவளம் தொடக்கக்காரருக்கு ஏற்றது என்பதற்கு நம் நாட்டில் கூடுதலாக இருக்கும் காரணம் இது. இருந்தாலும் கடையில் வாங்கும்போது அது எங்கிருந்து வந்தது, தொட்டியில் வெட்டி வளர்த்ததா, கடலிலிருந்து பிடுங்கியதா என்று கேட்டு, பில்லும் வாங்குங்கள். அழிவு அபாயத்தில் உள்ள உயிரினங்களுக்கான சர்வதேச வணிக உடன்படிக்கையின் (சைட்டிஸ்) பட்டியலில் உள்ள உயிர்களை வைத்திருந்தால் பதிவு செய்ய வேண்டும் என்று 2022 திருத்தம் சொல்கிறது. கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கும் கடையில் பவளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காமல் திரும்புவது நல்லது. பாறைக்குச் செயற்கையாகச் சுட்டுச் செய்த செராமிக் பாறைகள் கிடைக்கின்றன. துளைகள் நிறைந்தவை, பூச்சி புழு இல்லாதவை. உயிர்ப்பாறையோடு ஒப்பிட்டால் இவற்றில் பாக்டீரியா குடியேறச் சில மாதம் கூடுதலாகும். அந்த மாதங்களைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தண்ணீருக்கு வருவோம். கடற்கரையில் வசிப்பவருக்கு எழும் முதல் எண்ணம், கேனை எடுத்துக்கொண்டு போய்க் கடல்நீரையே கொண்டுவந்தால் என்ன என்பது. கரையோரத்து நீரில் கூவமும் அடையாறும் கலக்கின்றன. படகு எண்ணெய் கலக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வங்கக் கடலின் கரையோர உப்புத்தன்மையே சரிந்துவிடும். ஆகஸ்டில் எடுத்த நீரும் டிசம்பரில் எடுத்த நீரும் ஒன்றாக இருக்காது. ஆழ்கடலுக்குப் போகும் படகில் தெரிந்தவர் இருந்தால் ஒழிய, பாக்கெட் உப்பே நிம்மதி. லிட்டருக்கு 35-லிருந்து 38 கிராம் வரை கரைத்தால் ஆயிரத்துக்கு 35 பங்கு என்ற கடல் அளவு கிடைக்கும். உப்பைத் தண்ணீரில் கொட்ட வேண்டும். உப்பின்மேல் தண்ணீரை ஊற்றினால், அடர்ந்த கரைசலில் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்து, வாளி பால் நிறத்துக்கு மாறிவிடும்.

அந்த உப்பைக் கரைக்கும் நன்னீர்தான் பலரின் தொட்டியைக் கவிழ்க்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு (டி.டி.எஸ்.) பல பகுதிகளில் ஆயிரத்தைத் தாண்டும், மாநகராட்சி நீரில் குளோரின். சரி, வீட்டில்தான் ஆர்.ஓ. இருக்கிறதே என்று நினைப்போம். நம் வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றுக்குள் ஒரு சிறு திருகு உண்டு. குடிக்கச் சுவையாக இருக்க வேண்டுமென்று, சவ்வு வடிகட்டிய சுத்த நீரில் கொஞ்சம் பழைய நீரைத் திரும்பக் கலக்கும் வேலை அதற்கு. அந்தக் கலவையில் வரும் சிலிக்காவும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பழுப்புப் பாசிக்கு நல்ல உரம். கேன் தண்ணீரும் இதே கதை. திருகை முழுக்க மூடிவிட்டு, வெளியே வரும் குழாயில், மிஞ்சிய அயனிகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. பிசின் அடைத்த உருளை ஒன்றை இணைத்தால், டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும் நீர் கிடைக்கும். ஆயிரக்கணக்கில் விளக்குக்குச் செலவிடுகிறவர்கள் இந்த உருளைக்கு யோசிப்பதைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடிவதில்லை.

இனி ஆவியாதல். கடல்நீர் ஆவியாகும்போது நீர் மட்டும்தான் போகும், உப்பு அப்படியே நிற்கும். நூறு லிட்டர் தொட்டியில் மூன்றரைக் கிலோ உப்பு கரைந்திருக்கிறது. கோடையில் மேலே சிறு விசிறி வைத்த தொட்டியில் தினம் இரண்டு, மூன்று லிட்டர் குறைவது வழக்கம். ஊருக்குப் போய் நான்கு நாள் கழித்து வந்தால் பத்து லிட்டர் போயிருக்கும். மீதித் தொண்ணூறு லிட்டரில் அதே மூன்றரைக் கிலோ. 35 என்றிருந்தது 39-ஐ நெருங்கிவிட்டது. நன்னீர்ப் பழக்கத்தில், குறைந்த மட்டத்தை உப்பு கலந்த நீரால் நிரப்புகிறவர் இதை இன்னும் மோசமாக்குகிறார். குறைந்ததை எப்போதும் உப்பில்லாத சுத்த நீரால், அன்றன்றே நிரப்ப வேண்டும். மிதவை வைத்துத் தானாக நிரப்பும் கருவி விலை குறைவு, பலன் பெரிது. உப்பை அளப்பதற்கு ரிஃப்ராக்டோமீட்டர். அதைச் சுத்த நீரில் பூஜ்யத்துக்குச் சரிசெய்தால் போதாது. 35 என்று குறித்து விற்கும் அளவுநீரில் சரிபார்க்க வேண்டும். பூஜ்யத்தில் சரியாகக் காட்டும் கருவி, நமக்கு வேண்டிய 35-ல் இரண்டு மூன்று பிசகுவது சாதாரணம்.

விசிறி ஆவியாதலால் குளிர்விக்கிறது. காற்று உலர்ந்திருந்தால் இரண்டு மூன்று டிகிரி இறக்கும். கோவையில், ஓசூரில் அதை வைத்தே சமாளித்துவிடலாம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றே ஈரத்தால் கனத்திருக்கும்போது விசிறியால் பெரிய உபகாரம் இல்லை. அங்கே இரண்டே வழி: பகலிலும் ஏ.சி. ஓடும் அறை, அல்லது சில்லர். சில்லர் வாங்குகிறவர்கள் அதைத் தொட்டிக்குக் கீழே மூடிய அலமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். தொட்டியிலிருந்து எடுத்த சூட்டை அது அந்த அலமாரிக்குள்ளேயே கக்கும். பிறகு தன் சூட்டைத் தானே உறிஞ்சிக்கொண்டு இரவு பகலாக ஓடி மின்கட்டணத்தை ஏற்றும். அதன் முதுகுக்குக் காற்றோட்டம் வேண்டும், முடிந்தால் அறைக்கு வெளியே. கொடைக்கானலில் தொட்டி வைப்பவருக்கு மட்டும் அந்தக் குளிர்நாட்டுக் கையேடுகள் நேராகவே பொருந்தும்.

மின்தடையும் வெப்பத்தின் உறவுக்காரன்தான். 27 டிகிரியில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். கடல்நீரால் ஆறரைதான் முடியும். விளக்கு அணைந்த இரவில் பவளமும் பாசியும் பாக்டீரியாவும் மீனும் எல்லாமே மூச்சு வாங்குகின்றன, எதுவும் ஆக்சிஜன் தருவதில்லை. அந்த நேரத்தில் மோட்டார் நின்றால் சில மணி நேரத்தில் மீன்கள் மேல்மட்டத்தில் வாய் பிளக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் சில்லரை இணைக்க முடியாவிட்டாலும் அலைமோட்டார் ஒன்றை இணைத்துவிட வேண்டும். அதுவும் இல்லையென்றால், கரண்ட் போனதும் தானே ஓடத் தொடங்கும் பேட்டரிக் காற்றுமோட்டார். ஆனா தைன் வீட்டுப் பணிப்பெண் கையால் செய்த வேலையை அது செய்யும்.

தொட்டியின் அளவு பற்றிப் பழைய வாதம் ஒன்று உண்டு. சிறியது மலிவு, பெரியது நிலையானது. இரண்டும் உண்மை. மேசைமேல் வைக்கும் 20 லிட்டர் 'நானோ' தொட்டியில் ஒரு குவளை நீர் ஆவியானாலே உப்பு ஏறும். ஒரு நத்தை செத்தாலே அம்மோனியா ஏறும். அனுபவசாலிக்கு அது விளையாட்டு, புதியவருக்கு அது பொறி. 150 லிட்டர் பக்கம் தொடங்குவதே என் பரிந்துரை. கண்ணாடி, பாறை, மணலோடு அது இருநூறு கிலோவைத் தாண்டும். மரப்பலகை மேசை தாங்காது, இரும்புச் சட்டம் வேண்டும். மணலைப் பொறுத்தவரை அரகோனைட் எனப்படும் சுண்ணாம்பு மணல்தான். நம் கடற்கரை மணல் குவார்ட்ஸும் கனமான கருங்கனிமங்களும் கலந்தது, அழுக்கும் சேர்ந்தது. புரோட்டீன் ஸ்கிம்மர் மென்பவளத் தொட்டிக்குக் கட்டாயமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. மீன் குறைவாக, தண்ணீர் மாற்றம் ஒழுங்காக இருந்தால் தேவையில்லை. ஆனால் நம் வெப்பத்தில் அது காற்றையும் கலந்து தருவதால் இருப்பது நல்லது என்பேன்.

பாறை, மணல், உப்புநீர் எல்லாம் வைத்த பிறகு காத்திருக்கும் காலம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பாறைத் துளைகளில் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நன்னீர் அனுபவம் இங்கே ஏமாற்றும். பி.எச். 7 உள்ள நன்னீரில் அம்மோனியாவின் மிகச் சிறு பங்குதான் நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8.2 உள்ள கடல்நீரில் அந்தப் பங்கு பத்து மடங்குக்கும் மேல். ஆகவே, 'ரெண்டு மீனைப் போட்டுப் பார்ப்போம்' என்ற பழைய முறை இங்கே கொலைக்குச் சமம். சிட்டிகை மீன் உணவோ அம்மோனியம் குளோரைடோ போட்டு, புட்டியில் விற்கும் பாக்டீரியாவையும் சேர்த்து, அம்மோனியா, நைட்ரைட் சோதனைகள் இரண்டும் பூஜ்யம் காட்டும்வரை காத்திருக்க வேண்டும். அதன்பின் மணல்மேல் பழுப்புத் தூள், பிறகு சிவப்புச் சவ்வு, பிறகு பச்சைமுடிப் பாசி என்று ஒவ்வொன்றாக வரும். இரண்டு மூன்று மாதம் தொட்டி பார்க்கச் சகிக்காது. மருந்து தேடிக் கடைக்கு ஓடுகிறவர்கள் இந்தப் பருவத்தில்தான் அதிகம். நத்தைகளும் சிறு சங்குநண்டுகளும் வாராந்தரத் தண்ணீர் மாற்றமும் போதும்.

முதல் பவளமாக எதை வைக்கலாம்? பாலிப்பின் தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் இவற்றுக்குப் பெரும்பங்கு சோறு போடுகிறது. நீல ஒளி மிகுந்த எல்.இ.டி. விளக்கு தினம் எட்டு மணி நேரம் எரிந்தால் அந்தப் பாசிக்கு வேலை இருக்கும். வன்பவளத்துக்கு வாங்கும் விலையுயர்ந்த விளக்கை முழு வேகத்தில் எரித்தால் மஷ்ரூம் சுருங்கி வெளுக்கும். கீழே நிழலில் வைத்தால் விரிந்து கிடக்கும். மஷ்ரூமே முதல் குடியேற்றமாகட்டும். அடுத்தது டோட்ஸ்டூல் லெதர் எனப்படும் சார்கோஃபைட்டான். காளான் குடைபோல விரிந்த தலையில் நூற்றுக்கணக்கான பாலிப்புகள் நீரோட்டத்தில் ஆடும்.

இந்த லெதர்தான் புதியவரை முதன்முதலில் பயமுறுத்துவது. ஒருநாள் காலையில் பாலிப்பெல்லாம் உள்ளே போய், தலை வழவழவென்று சாம்பல் பூத்திருக்கும். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அதன்மேல் மெழுகுத் தாள் ஒட்டியதுபோல் மினுமினுப்பு. அதில் பாசியும் தூசும் படியும். செத்துவிட்டது என்று எடுத்து வெளியே எறிந்தவர்கள் உண்டு. உண்மையில் அது தன் மேல்தோலை உரிக்கிறது. ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் கழித்து அந்தத் தாள் ஓரத்தில் கிழிந்து, நீரோட்டத்தில் துண்டு துண்டாகப் பறக்கும். அடியிலிருந்து புதுத் தோலில் பாலிப்புகள் எட்டிப்பார்க்கும். அந்த நாட்களில் செய்ய வேண்டியது, அலைமோட்டாரைச் சற்றுத் திருப்பி அதன்மேல் ஓட்டம் படச் செய்வது மட்டும். தொட்டால் கெட்டியாக இருக்கிறதா, நாற்றம் இல்லையா? அப்படியானால் உயிரோடிருக்கிறது.

ஜீனியா என்ற பவளம் உள்ளங்கை மூடித் திறப்பதுபோல் இடைவிடாமல் துடிக்கும். ஓடியாடாத உயிர் எதற்காக இவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்பது நெடுநாள் புதிர். அதே குடும்பத்துச் செங்கடல் பவளம் ஒன்றை ஆராய்ந்த இஸ்ரேலிய அறிவியலாளர்கள் 2013-ல் விடை சொன்னார்கள். துடிப்பு, பாசி வெளியிடும் மிகை ஆக்சிஜனைத் தசையிலிருந்து அடித்துக்கொண்டு போய் ஒளிச்சேர்க்கையைக் கூட்டுகிறது. பயன்படுத்திய நீரையே திரும்ப வாங்காமலும் தடுக்கிறது. கிரீன் ஸ்டார் பாலிப் என்பது ஊதாப் பாயில் பச்சை நட்சத்திரங்கள். அருகம்புல் போல் பரவும். அதை நடுப்பாறையில் வைத்தால் ஓராண்டில் தொட்டியே அதுதான். தனிக்கல்லில், மணல் நடுவே தீவாக வையுங்கள். கண்ணைப் பறிக்கும் சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் டென்ட்ரோநெஃப்தியா என்றொரு பவளம் விற்பனைக்கு வரும். அதனிடம் பாசி கிடையாது. நீரில் மிதக்கும் நுண்ணுணவை நாள் முழுக்க ஊட்ட வேண்டும். வீட்டுத் தொட்டியில் அது மெல்லப் பட்டினியில் கரையும். எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பாறைக் கூடு இல்லாத உயிர் எப்படித் தன்னைக் காத்துக்கொள்கிறது? ரசாயனத்தால். சார்கோஃபைட்டான், சினுலேரியா போன்றவை டெர்பீன் வகைப் பொருள்களைச் சுரந்து பக்கத்துப் பவளத்தின் வளர்ச்சியை முடக்கும். கடலில் அது கரைந்து போய்விடும். 150 லிட்டரில் எங்கே போகும்? எனவே மென்பவளத் தொட்டியில் கிளர்வூட்டிய கரித்தூள் ஒரு பை எப்போதும் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். வன்பவளத்தையும் லெதரையும் ஒரே தொட்டியில் கலந்து வைத்துவிட்டு, ஒன்று ஏன் வாடுகிறது என்று தண்ணீரைச் சோதித்துக்கொண்டே இருப்பவர்களுக்கு விடை பெரும்பாலும் இங்கே இருக்கும்.

ஸோவா விஷயத்தில் எச்சரிக்கை இன்னும் கடுமை. அதன் நெருங்கிய உறவான பாலித்தோவாவில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கக்கூடும். ஹவாயின் மாவி தீவில் ஹானா கடலோரத்து மக்கள் தீண்டக்கூடாதென்று ஒதுக்கி வைத்திருந்த ஓர் உயிரிலிருந்து 1971-ல் ஹவாய் பல்கலைக்கழகத்தின் மூர், ஷோயர் இருவரும் அதைப் பிரித்தெடுத்தார்கள். இயற்கையில் அறியப்பட்ட மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. பாறையில் வேண்டாமல் பரவிய பாலித்தோவாவைக் கொல்ல வெந்நீர் ஊற்றியும் பாறையைக் கொதிக்க வைத்தும், அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. கையுறையும் கண்ணாடியும் போடாமல் வெட்டக் கூடாது, பிரஷ் கொண்டு காய்ந்த பாறையைத் தேய்க்கக் கூடாது, கொதிக்க வைக்கவே கூடாது. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் ஸோவா இல்லாமலே தொட்டி அழகாக இருக்கும்.

சத்து பற்றிய கருத்தும் மாறியிருக்கிறது. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பது ஒரு காலத்து வேதவாக்கு. மென்பவளங்கள் அந்த நீரில் வெளிறிச் சிறுக்கும். போதாக்குறைக்கு, போட்டியாளர் இல்லாத நீரில் டைனோஃப்ளாஜெலேட் என்ற குமிழி கோத்த பழுப்புச் சளி பெருகும். அதை விரட்டுவது சாதாரணப் பாசியை விரட்டுவதைவிடப் பல மடங்கு கடினம். லிட்டருக்கு நைட்ரேட் 5-லிருந்து 15 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03-லிருந்து 0.1 மில்லிகிராம் என்ற அளவில் கொஞ்சம் 'அழுக்காக' இருப்பதே இவற்றுக்குப் பிடிக்கும். மீனுக்குத் தாராளமாக உணவு போடும் வீடுகளில் லெதர் கொழுத்து வளர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

மீன்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு ஜோடி கோமாளி மீன் போதும். 2003-ல் வந்த 'நீமோ' படத்துக்குப் பிறகு உலகெங்கும் கிராக்கியான இந்த மீனைத் தொட்டியிலேயே பொரிக்க வைக்கும் வித்தை நம்மிடமும் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்திலும் செய்திருக்கிறார்கள். பண்ணையில் பிறந்ததைக் கேட்டு வாங்குங்கள். கடலில் பிடித்ததைவிட உறுதி. கடல் சாமந்தி இல்லாவிட்டால் கோமாளி மீன் பல சமயம் லெதரின் மடியிலேயே படுத்துக்கொள்ளும். வண்ணத்துப்பூச்சி மீனும் பெரிய ஏஞ்சல் மீனும் பவளத்தைக் கொத்தும். நீல டாங் இந்தத் தொட்டிக்குப் பெரிது. வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் தொட்டியில் தாமிர மருந்து ஊற்றக் கூடாது. அது பவளம், இறால், நத்தை எல்லாவற்றையும் கொல்லும், பாறையிலும் ஒட்டிக்கொள்ளும். புது மீனைத் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்த்த பிறகே உள்ளே விட வேண்டும்.

ஓராண்டு நன்றாகப் போனால் அடுத்த தொல்லை, இடம் போதாமை. லெதரைக் கூரிய பிளேடால் வெட்டி, துண்டை வலைத்துணியில் மூடிச் சிறு கல்லோடு ரப்பர் வளையம் போட்டு வைத்தால் சில வாரத்தில் ஒட்டிக்கொள்ளும். பசை இவற்றின் வழவழப்பில் பிடிக்காது. தாய்ப்பவளம் பத்து நாளில் ஆறும்; வெட்டிய அன்று கரித்தூளை மாற்றிவிடுங்கள். இந்தத் துண்டுகள் கைமாறக் கைமாற, கடலிலிருந்து பிடுங்கும் தேவை அந்த அளவுக்குக் குறையும். கொளத்தூர்ச் சந்தையில் நன்னீர் மீன்கள் கொல்லைத் தொட்டிகளில் பெருகி ஒரு தொழிலாகவே ஆனதுபோல, மென்பவளமும் இங்கேயே வெட்டிப் பெருகும் பொருளாக மாற வழி இருக்கிறது.

மிஞ்சியதைக் கடலில் விடுவது மட்டும் கூடாது. இந்தோ-பசிபிக் பகுதிக்குரிய உனோமியா என்ற, ஜீனியாவின் குடும்பத்து மென்பவளம் வெனிசுவேலாவின் மோச்சிமா தேசியப் பூங்காக் கடலுக்குள் போய்ச் சேர்ந்தது; மீன்தொட்டி வணிகத்தின் வழியே வந்ததாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்கிருந்த வன்பவளங்களின்மேலும் கடற்புல்லின்மேலும் அது பாயாக விரிந்து மூடிவிட்டது. நம் மன்னார் வளைகுடாவில் வளர்ப்புக்குக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவருகே பவளங்களின்மேல் ஏறியது ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. ஜீனியாவும் வேகமாகப் பரவக்கூடியது. வேண்டாத துண்டையும் பாறை கழுவிய நீரையும் வாளியில் பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு நாள் வைத்துவிட்டு, நீரைக் கழிவறையிலும் துண்டைக் குப்பையிலும் போடுங்கள்.